மேலிருந்து மூன்றாவது ரிங்

ரிங் கம்ப்ரஸர் என்று ஒரு சாமான் உண்டு. நாலு விரல் உயரத்துக்கு எஃகுத் தகட்டைச் சுருட்டி, வெளியே இரண்டு வார் போட்டு, ஒரு சாவியால் முறுக்கினால் இறுகும்படி செய்திருப்பார்கள். எஞ்சினைப் பிரித்துப் புது ரிங் மாட்டித் திரும்பப் பூட்டுகிற அன்று மட்டும் அது வேண்டும். அதுவும் கால்மணி நேரத்துக்குத்தான். மற்ற நாளெல்லாம் பெஞ்சின் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் அதைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனேன். அந்த மறதிக்காக நான் வருத்தப்படவில்லை. மறதி யாருக்கும் வரும். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் நல்ல நினைவோடு செய்தது. அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

ஐம்பதுகள் முடிந்து அறுபது பிறந்த சமயம். புதுக்கோட்டை டவுனில் ஒரு பட்டறையில் நான் மெக்கானிக். சுற்றுப்பட்ட ஊர்களில் மாடு கட்டி இறைத்த கிணறுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஆயில் எஞ்சின் ஏறிக்கொண்டிருந்தது. வாங்கத் தெரிந்த அளவுக்கு வைத்துக்கொள்ளத் தெரியாததால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள், "அவன் ஒரு தடவ பூட்டுனா மறுபடி பிரிக்க வேண்டாம்" என்று ஒரு பேர் கிடைத்திருந்தது. அந்தப் பேரைக் காதால் கேட்கிற போதெல்லாம் உச்சி குளிர்ந்து போகும். டீக்கடையில் யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்து டீ குடித்த நாட்களும் உண்டு. இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வல்லத்திராக்கோட்டைக்கு இந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீடு. கிணற்றடியில் ஓட்டுக் கொட்டகை போட்டு ஐந்து குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்று வைத்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கு வண்டி குடை சாய்ந்து இடுப்பில் அடிபட்டிருந்தது. கம்பு ஊன்றி நடப்பார்; குனிந்து நிமிர முடியாது. அந்த எஞ்சினைக் கிளப்ப ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். ஒரு கையால் மேலே உள்ள லீவரைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் சுற்றி, சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரை விட்டு, அதே நொடியில் ஹேண்டிலை உருவிக்கொள்ள வேண்டும். உருவத் தவறினால் மணிக்கட்டு போய்விடும். நல்ல தாட்டியான ஆட்களே அதன் அருகில் போகத் தயங்குவார்கள். அந்த வீட்டில் அதைக் கிளப்பியது அவர் மனைவி.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகியதால் அவள் என்றே எழுதுகிறேன். ஒல்லியான உடம்பு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்கு சுற்றுச் சுற்றினால் எஞ்சின் பிடித்துவிடும். முதல் முதலில் வேடிக்கை பார்க்க வரப்பில் ஆள் நின்றதாம். பொம்பளை எஞ்சின் ஓட்டுகிறாள் என்று சிரித்தார்களாம். பிறகு தங்கள் எஞ்சின் கிளம்பாத காலைகளில் அதே ஆட்கள் வந்து, "ஒரு எட்டு வந்துட்டுப் போத்தா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் சொன்னவர் வீட்டுக்காரர். கட்டிலில் சாய்ந்தபடி, தன் இடுப்பு போன துக்கத்தைக்கூட மறந்து சொன்னார். தினமும் கிளப்பும் முன் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்து, கோட்டுக்குக் கீழே இருந்தால் ஆயில் ஊற்றிவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொடுவாள் என்றும் அவர்தான் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் சின்ன மாறுதல் இருந்தாலும் அவளுக்குத் தெரியும். நான் முதல் நாள் போனபோது, "பத்து நாளா இருமுதுண்ணே" என்றாள். பிரித்துப் பார்த்தேன். ரிங்குகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. அவள் சொன்ன இருமல் அதுதான்.

அது அந்த வெள்ளிக்கு முந்தின வாரத்துப் புதன்கிழமை. பிஸ்டனை டவுனுக்கு எடுத்து வந்து கரி சுரண்டி, திருச்சியிலிருந்து வரவழைத்த புது ரிங் செட்டை மாட்டினேன். மழை பொய்த்த வருஷம் அது. கண்மாய் வாய் பிளந்து கிடந்தது. கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதை மேலே கொண்டுவர எஞ்சின் இல்லை. நெல் பயிர் கதிர் வாங்கும் பருவத்தில் எட்டு நாளாகக் காய்ந்துகொண்டிருந்தது. எனவே வெள்ளிக்கிழமை காலையில் பூட்டியே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். அதிலும் ராகு காலத்துக்கு முன்னால். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பிஸ்டன் உள்ளே உட்கார்ந்துவிட வேண்டும், மீதி வேலை பின்னால் நடந்தால் பாதகமில்லை என்பது அவர் கணக்கு. பிஸ்டன் உட்காருவதுதான் எஞ்சினுக்கு உயிர் வருகிற நேரம் என்று எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் பலருக்கு அப்போது ஒரு எண்ணம். ராகு காலத்துக்கும் டீசல் எஞ்சினுக்கும் என்ன பகை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் அதைக் கேலி செய்யப் போவதில்லை. அன்று அந்த ராகு காலம் எனக்கு ஒரு சாக்காக நின்று என்னைத்தான் காப்பாற்றியது, தப்பான முறையில்.

கொட்டகையில் கோணியை விரித்துச் சாமான்களை எடுத்து வைத்தபோதுதான் ரிங் கம்ப்ரஸர் பையில் இல்லை என்று தெரிந்தது. மணி ஒன்பதரைக்கு மேல் ஆகிவிட்டது. டவுனுக்குப் போய்த் திரும்பினால் மத்தியானம் ஆகும்.

ரிங் என்பது ஒரு பக்கம் வெட்டுவிட்ட இரும்பு வளையம். வார்ப்பு இரும்பு. பிஸ்டனில் அதற்கென்று வெட்டிய காடியில் இருக்கும். விட்டால் வெளியே விரியும். அந்த விரிப்பில்தான் சிலிண்டர் சுவரை ஒட்டிக்கொண்டு அழுத்தத்தைப் பிடிக்கும். பூட்டும்போது அதைச் சுற்றிலும் ஒரே சீராக அமுக்கிக் காடிக்குள் பதித்தபடி பிஸ்டனை உள்ளே இறக்க வேண்டும். ஒரு நூலளவு வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் சிலிண்டர் விளிம்பில் தட்டும். தட்டினால் நிறுத்த வேண்டும். வளைந்து கொடுக்கிற சாதி இல்லை அது, அடித்தால் உடையும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

மறந்துவிட்டேன், மத்தியானம் வந்து பூட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். ராகு காலம் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பூட்டியிருந்தாலும் சாயங்காலத்துக்குள் தண்ணீர் பாய்ந்திருக்கும். ஆனால் ஒரு தடவை பூட்டினால் மறுபடி பிரிக்க வேண்டாத மெக்கானிக், சாமானை மறந்துவிட்டு வந்தான் என்று ஒரு சொல் வந்துவிடுமே. அதற்குப் பயந்தேன். அடுப்படியில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் டின்னைக் கேட்டு வாங்கி, கத்திரியால் ஒரு பட்டை வெட்டினேன். விளிம்பைக் கல்லில் தேய்த்தேன். "கம்ப்ரஸரெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு, நமக்குக் கை போதும்" என்று வீட்டுக்காரர் காதில் விழும்படி சொன்னேன்.

தகரப் பட்டையை ரிங்குகள் மேல் சுற்றி, கட்டுக் கம்பி போட்டுக் குறடால் முறுக்கினேன். பட்டையின் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தை அமுக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அவள் வந்து பிடித்தாள். வீட்டுக்காரர் வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். சுத்தியல் பிடியால் பிஸ்டன் தலையில் மெதுவாகத் தட்டினேன். நான்கு ரிங்கில் அடியில் இருந்த ஆயில் ரிங் முதலில் இறங்கியது. அடுத்தது வரும்போது தட்டுகிற சத்தம் மாறியது. கெட்டியாகக் கேட்டது. தகரம் எங்கோ நெகிழ்ந்து ரிங் விளிம்பில் நிற்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

"மேஸ்திரி, பத்தேகால் ஆச்சு" என்றார் வெளியிலிருந்து.

நான் கொஞ்சம் ஓங்கித் தட்டினேன். டிக் என்று ஒரு சத்தம். நகம் வெட்டினால் வருமே, அவ்வளவு சின்னது. பிஸ்டன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்குப் பிறகு எந்தத் தடங்கலும் இல்லை. மற்ற இரண்டு ரிங்கும் வெண்ணெயாக உள்ளே போயின.

அவள் தகரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணே, என்னமோ டிக்குன்னு கேட்டுச்சுங்களே" என்றாள்.

"ரிங்கு எடத்துல ஒக்காருது தங்கச்சி. அப்படித்தான் கேக்கும்."

அவள் தலையாட்டினாள். எஞ்சின் இருமுகிறது என்று காதால் கண்டுபிடித்தவள். ஆனாலும் நான் மெக்கானிக், டவுனிலிருந்து வந்தவன். அவள் தன் காதை விட்டுவிட்டு என் வாயை நம்பினாள். பிஸ்டனை வெளியே இழுத்துப் பார்க்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். பார்த்தால் உடைந்த ரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், மாற்று ரிங் கிடையாது. நான்கில் ஒன்று போனால் என்ன, மூன்று இருக்கிறதே, அறுப்பு வரை ஓடிவிடும், பிறகு ஒரு நாள் வந்து சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை செய்துகொண்டே இதையெல்லாம் நினைத்தேன். கை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாம் பூட்டி முடிந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு பக்கமும் போட்டார்கள். ஹேண்டிலை என்னிடம் நீட்டினார் வீட்டுக்காரர். நான் அவளிடமே கொடுக்கச் சொன்னேன். பெருந்தன்மை மாதிரி இருந்தது. அவள் சுற்றினாள், மூன்றாவது சுற்றில் பிடித்தது. குழாயில் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்ததும் அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டாள். எனக்கு இலை போட்டு, முருங்கைக்காய்ச் சாம்பாரும் முட்டையும் வைத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பட்டறையில் முதலாளி கம்ப்ரஸரைத் தூக்கிக் காட்டி, இதை விட்டுவிட்டு எப்படிப் பூட்டினாய் என்று கேட்டார். தகரத்தை வைத்துப் பூட்டினேன் என்றேன். கைகாரன்தான் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பத்து நாள் போயிருக்கும். சந்தைக்கு வந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவள் சொல்லிவிட்டாளாம். புகை நீலமாக வருகிறதாம், ஆயிலை ரொம்பக் குடிக்கிறதாம், அண்ணனை ஒரு நடை வந்து பார்க்கச் சொன்னாளாம். என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆயில் சிலிண்டருக்குள் ஏறி எரிந்தால்தான் நீலப் புகை. அது ஏறாமல் தடுக்க வேண்டிய ரிங்கில் ஒன்று இரண்டு துண்டாகக் கிடக்கிறது. அன்றே போயிருக்கலாம். திருச்சிக்கு எழுதி ஒரு ரிங் வாங்கிக்கொண்டு அடுத்த வாரமாவது போயிருக்கலாம். வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமலே, "புது ரிங்கு, பழகுற வரைக்கும் குடிக்கும். ஊத்தி ஊத்தி ஓட்டச் சொல்லுங்க" என்றேன். அவரும் போய் அப்படியே சொல்லியிருக்கிறார். அவளும் அப்படியே ஊற்றியிருக்கிறாள்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் ஆள் வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்து, கீச்சென்று கத்தி, நின்றுவிட்டதாம். சக்கரம் அசையவில்லையாம். நெல் பால் பிடிக்கிற நேரம். அந்தச் சமயத்தில் தண்ணீர் நின்றால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் இறங்கினேன். இது சத்தியம். இறங்கி வரப்பில் நடந்து கொட்டகையைப் பார்க்கிறவரை அந்த முடிவு இருந்தது.

கொட்டகையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒரு எஞ்சின் நின்றால் அவ்வளவு கூட்டம் சேராது. பெண் ஓட்டிய எஞ்சின் நின்றது, அதனால் சேர்ந்திருந்தது. அவளைத் தேடி வந்து கூட்டிப்போன ஆட்களும் அதில் இருந்தார்கள். அவள் சுவரோரமாக நின்றாள். நான் வந்ததைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தனக்காகப் பேச ஒருவன் வந்துவிட்டான் என்கிற தெளிவு. அதை நான் பார்த்தேன்.

அளவுக் கம்பியை உருவினேன். கோட்டுக்கு வெகு கீழே, நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஆயிலே இல்லையே என்றார். எஞ்சின் தலையைக் கழற்றி, இரண்டு பேர் பிடிக்க, பிஸ்டனைப் பாடுபட்டு வெளியே எடுத்தேன். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக உழவு போட்ட மாதிரி கோடு. மேலிருந்து மூன்றாவது ரிங் மூன்று துண்டாகி இருந்தது. ஒரு துண்டு காடியிலிருந்து எழும்பிச் சுவரை அறுத்திருக்கிறது. ஆயிலைக் குடித்துத் தீர்த்ததும் அதுதான். மூன்று துண்டையும் கழிவு நூலோடு சேர்த்து உள்ளங்கையில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டேன். மற்றவர்கள் கண்ணுக்கு நான் கை துடைத்தேன்.

வீட்டுக்காரர் கம்பை ஊன்றி எழுந்து வந்து நின்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். "ஆயில் கொறைவாலதானா, மேஸ்திரி?"

அவள் முந்திக்கொண்டாள். "காலையில கோடு வரைக்கும் ஊத்துனேங்க. கம்பியத் தொடச்சுப் பாத்துத்தான் சுத்துனேன்." சொல்லிவிட்டு அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஆயில் பத்தலை" என்றேன்.

இரண்டே வார்த்தை. பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஆயில் பற்றவில்லை என்பது நிஜம். அவள் ஊற்றவில்லை என்று நான் சொல்லவில்லை. நின்றவர்கள் அதைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்து, அவர்கள் சேர்ப்பதற்கு இடம் விட்டுப் பேசினேன். அப்படியே நடந்தது. பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒரு குரல் வந்தது. போன வாரம்கூட இவளைக் கூப்பிட்டு அனுப்பினேனே என்று இன்னொருவர் சலித்துக்கொண்டார். ஹேண்டில் ஆணியில் தொங்கியது; வீட்டுக்காரர் அதை எடுத்துத் தன் கம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். அவள் அதே சுவரோரம் நின்றாள், அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிலிண்டருக்குள் செருகுகிற புது லைனர் வந்து சேர்ந்து எஞ்சின் மறுபடி ஓட மூன்று வாரம் ஆனது. அந்த வருஷம் அவர்கள் அறுத்தது வைக்கோல்தான். எஞ்சினை ஓட்ட ஓர் ஆள் வைத்தார்கள். நான் பூட்டி முடித்த அன்று அந்த ஆள்தான் சுற்றினான், எட்டுத் தடவை சுற்றியும் பிடிக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை ரிங் கம்ப்ரஸரை மறக்காமல் கொண்டுபோயிருந்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு நான் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் வேறு ஆளை அனுப்பிவிடுவேன். துண்டு ரிங்கை எறிய மனம் வரவில்லை. சாமான் பெட்டியின் அடியில் கிடந்தது. ஸ்பானர் எடுக்கும்போது விரலில் படும், கையை இழுத்துக்கொள்வேன். நாட்பட நாட்பட மறந்துபோகும் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. பேர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. முதலாளி பட்டறையை என்னிடமே விட்டுவிட்டு ஓய்ந்துவிட்டார். ஒரு தடவை பூட்டினால் மறுபடி பிரிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஏழு வருஷம் கழித்து அந்த ஊருக்குக் கரண்ட் வந்தது. கிணற்றில் மோட்டார் வைத்துவிட்டார்கள், பழைய எஞ்சினை எடுத்துக்கொள்ள முடியுமா என்று அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. வழக்கம்போல வேறு ஆளை அனுப்ப வாயெடுத்தேன். பிறகு நானே வருகிறேன் என்று சொன்னேன். பெட்டியின் அடியில் துழாவி ஒரு ரிங் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரர் போன வருஷமே தவறிவிட்டார் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. "வாங்கண்ணே" என்று பழைய மாதிரியே கூப்பிட்டாள். நான் கூட்டிப்போன வண்டிக்காரர்கள் கொட்டகையில் எஞ்சினின் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, செம்பில் மோர் கொண்டுவந்தாள்.

"உப்புப் போட்டேனான்னு பாருங்கண்ணே. கை செஞ்சது எனக்கு நெனப்புல நிக்கிறதில்ல."

உப்பு சரியாக இருந்தது. சொன்னேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. அடுப்பை அணைத்தேனா, கொட்டிலைச் சாத்தினேனா என்று ஒன்றுக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கிறது தன் வழக்கமாகிவிட்டது, பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள் என்றாள். எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. அவளே எஞ்சின் பேச்சுக்கு வந்தாள்.

"அந்த வருசம் என்னால ஒங்க வேலைக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். ஊத்துனேன் ஊத்துனேன்னு அன்னைக்குச் சாதிச்சேன். ஒங்களுக்குத் தெரியாததாண்ணே? நீங்க சொன்னதுக்கப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஊத்தலை போலருக்கு."

பிறகு அவர் சாகக் கிடந்ததைச் சொன்னாள். கடைசி வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் கூப்பிட்டாராம். எஞ்சினை வைத்து மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே, நீ வேண்டுமென்று செய்யவில்லை, மறதி யாருக்கும் வரும் என்றாராம். அவர் மன்னித்துவிட்டுப் போனதுதான் தனக்கு ஆறுதல் என்றாள். செய்யாத ஒன்றுக்கு அந்த மனுஷர் மன்னிப்புக் கொடுத்திருக்கிறார், அதை இவள் வாங்கி வைத்திருக்கிறாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்த ரிங் துண்டை எடுத்துக் கட்டில் சட்டத்தில் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தாள். அவள் விரலில் அது பிறை மாதிரி வளைந்து கிடந்தது. என்னவென்று கேட்டாள்.

"அந்த எஞ்சின் ரிங்கு. மேலேருந்து மூணாவது. நான் மாட்டுறப்பவே ஒடஞ்சிருச்சு. ஆயில் கொறஞ்சது அதனாலதான். ஒங்க மேல தப்பு இல்ல தங்கச்சி."

கொட்டகையில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு டிக்குன்னு கேட்டுச்சே, அந்தச் சத்தமா?"

"ஆமா."

"நான் கேட்டேனேண்ணே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். என் மனப் பாரத்தை இறக்கிவைக்க வந்தவனுக்கு ஏதோ ஒரு கூலி கிடைக்கும் என்றுகூட எதிர்பார்த்திருப்பேன், யார் கண்டது.

"அப்ப நான் ஊத்தித்தான் இருக்கேன்" என்றாள், தனக்குள்ளே சொல்கிற மாதிரி.

"தெனமும் ஊத்தியிருக்கீங்க."

அவள் எழுந்து நின்றாள். துண்டு ரிங் இன்னும் அவள் கையில் இருந்தது. கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "அன்னைக்கு அந்த எடத்துல எத்தனை பேரு நின்னாக. இன்னைக்கு நான் ஒருத்திதானே நிக்கிறேன்" என்றாள்.

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அன்று கூடி நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊரிலேயே இருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் டீக்கடை. மணி நாலுகூட ஆகவில்லை. நடந்துபோய், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் நின்று, அந்த எஞ்சினைக் கெடுத்தது நான் என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். வண்டிக்காரர் வந்து, ஏற்றியாச்சு, போகலாமா என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன், டீக்கடைப் பக்கம் பார்த்தேன். போகலாம் என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். டீக்கடையைத் தாண்டும்போது யாரோ என்னை அடையாளம் கண்டு, "மேஸ்திரி, சௌக்கியமா" என்று கேட்டார்கள். சௌக்கியம் என்று கையை ஆட்டினேன்.

அவள் இப்போது இருக்கிறாளா என்று தெரியாது. டீக்கடையில் அன்று இருந்தவர்கள் யாரும் இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் அவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பெண் காலையில் கம்பியைத் துடைத்துப் பார்த்துக் கோடு வரைக்கும் ஆயில் ஊற்றினாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. உடைத்தவன் நான்.